போஸ்ட்ஜிஐஎஸ் டிகிரியில் பதில் சொல்லும்போது

போஸ்ட்ஜிஐஎஸ் மேல எனக்கு மரியாதை நிறைய உண்டு. 2001-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. இடம் சார்ந்த தரவைச் சேமித்துக் கேள்வி கேட்க நான் முதலில் எடுப்பது இதைத்தான். ஆனா தூரம் கேட்டால், எந்த அலகில் சொல்கிறேன் என்பதை மட்டும் சொல்லாது.

சென்னையையும் மதுரையையும் ஜியாமெட்ரி வகையில், ஜிபிஎஸ் தரும் ஆயங்களோடு, 4326 என்று குறித்து வைத்தேன். எஸ்டி_டிஸ்டன்ஸ் கொடுத்த விடை 3.81. அது டிகிரி! உருண்டையைத் தட்டைத் தாளாக எண்ணி பிதாகரஸ் போட்ட கணக்கு. எஸ்டி_டிவிதினில் மீட்டர் என்று நினைத்து 5000 கொடுத்தால் அட்டவணை முழுவதையும் அள்ளித் தரும். அதுகூடப் பரவாயில்லை, பார்த்ததும் தெரிந்துவிடும்.

தெரியாமல் போவதுதான் வம்பு. 111-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் ஆகிவிடும் என்று ஒரு குறுக்குவழி உண்டு. 3.81-க்கு 423 வரும். உண்மைத் தூரம் சுமார் 420. சரியா வருதே என்று விட்டுவிடுவோம். நாம பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் கிடைக்கும் சலுகை அது. ஆஸ்லோவுக்கும் ஹெல்சிங்கிக்கும் இடையே 14.2 டிகிரி, பெருக்கினால் 1,576 கிலோமீட்டர். நிஜத்தில் 800 கூட இல்லை. வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடுகின்றன.

மீட்டரில் சொல்லும் ஜியாகிராஃபி வகை 2010-லேயே வந்துவிட்டது. கொஞ்சம் மெதுவானது, ஃபங்ஷன்களும் குறைவு. அதனால் பலர் தொடுவதில்லை. மைஎஸ்கியூஎல் 8-ல் இதே 4326-க்கு நேராக மீட்டரே வருகிறது. போஸ்ட்ஜிஐஎஸ் பழைய நடத்தையை மாற்ற வேண்டாம், ஒரு வரி நோட்டீஸ் காட்டலாமே?