காலாவின் தாராவி: வரைபடம் யார் கையில்?

பா. ரஞ்சித்தின் ‘காலா’ (2018) வெளிவந்த நாள்முதல் அதன் பெண் பாத்திரங்களைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறோம். காவலர்கள் தன் உடையை உருவிய பிறகும், உடையை எடுக்காமல் ஆயுதத்தை நோக்கிக் கைநீட்டும் புயல். கணவனின் பழைய காதலி வந்துவிட்டாள் என்றதும், தனக்கும் ஊரில் ஒருவன் இருந்தான் என்று போட்டு உடைக்கும் செல்வி. தமிழ் வெகுசனத் திரையில் அபூர்வமான இந்தப் பெண்களைக் கொண்டாடியது சரியே. ஆனால் ‘காலா’ நிலத்தைப் பற்றிய படம். அந்த நிலத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் இடத்தில் பெண்கள் இருக்கிறார்களா என்ற கேள்வியை நாம் போதிய அளவு கேட்கவில்லை.

படத்தில் வரைபடத்தோடு வருபவள் ஒரே ஒரு பெண்: சரீனா. தாராவியில் வளர்ந்தவள், வெளியே போய் நகர மேம்பாட்டில் தேர்ந்தவள், தனியாகக் குழந்தையை வளர்ப்பவள். குடிசைகளை அகற்றி அடுக்குமாடி கட்டும் திட்டத்தை மக்கள் முன்னால் வைக்கிறாள். காலா எதிர்க்கிறார். தன் நல்ல எண்ணத்தை ஹரி தாதாவின் கட்டுமான வியாபாரம் விழுங்கிவிட்டது என்பதைச் சரீனா பிறகுதான் உணர்கிறாள். கட்டட முதலாளிகளை நம்பும் தொண்டு நிறுவனங்களைப் பற்றிய இந்த எச்சரிக்கை நியாயமானது. கதை அமைந்த விதத்தைப் பாருங்கள்: திட்டமிடும் அறிவு உள்ள ஒரே பெண்ணின் வழியாகத்தான் எதிரியின் திட்டம் ஊருக்குள் நுழைகிறது. நிலத்தின் அருமை ஆணுக்கு இயல்பாகவே தெரிந்திருக்கிறது. அவள் அதை அவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தத் திட்டம் வேண்டாம் என்று ஆன பிறகு, வேறு எது வேண்டும்? இந்தக் கேள்வியைப் படம் மையத்துக்குக் கொண்டுவருவதில்லை. காலாவின் குடும்பத்துக்கு உள்ளேயே இடம் போதவில்லை என்ற முணுமுணுப்பு இருக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் மருமகள்களுக்கு ஒரு கதவு சாத்தும் அறை இல்லை என்பது சின்ன விஷயமல்ல. ஆனால் அந்தப் பேச்சு குடும்பச் சச்சரவாகவே கரைந்துபோகிறது. ஊர் கூடிப் பேசும் அரசியலாக வளர்வதில்லை. காலா நிலத்துக்குக் காவலர். செல்வி வீட்டுக்குக் காவலர். நிலத்துக்கும் வீட்டுக்கும் நடுவே தண்ணீர்க் குழாய், கழிப்பறை, வாசல், சந்து என்று இருக்கும் எல்லாமே பெண்களின் நாளைத் தீர்மானிப்பவை. அவற்றைப் பற்றிப் பேச ஆளில்லை.

இது கற்பனையின் எல்லை என்று விட்டுவிட முடியாது. ஏனென்றால் அதே மும்பையில், இதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பெண்கள் வரைபடத்தைத் தங்கள் கையில் எடுத்திருக்கிறார்கள். 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாழ்வாதாரம் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று ஒப்புக்கொண்டது. உரிய அறிவிப்புக்குப் பிறகு நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்றும் சொன்னது. அந்தச் சூழலில் பைக்குல்லா நடைபாதையில் குடியிருந்த பெண்கள், ஸ்பார்க் என்ற அமைப்போடு சேர்ந்து தங்களைத் தாங்களே கணக்கெடுத்தார்கள். அடுத்த ஆண்டு மகிளா மிலன் உருவானது. தினமும் சில்லறைக் காசு சேர்த்தார்கள். எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று கூடிப் பேசினார்கள். அளவு எடுக்கப் புடவையையே பயன்படுத்தினார்கள். பதினான்கு அடி உயரம், அதற்குள் ஒரு பரண்தளம். படுக்கவும் சாமான் வைக்கவும் குறைந்த செலவில் இடம். அந்த மாதிரி வீட்டைக் கட்டி வைத்து, அதிகாரிகளையும் அக்கம்பக்கத்தாரையும் வந்து பார்க்கச் செய்தார்கள்.

1999 முதல் புனேயில் பொதுக் கழிப்பறைகள் கட்டும் பணியில் இறங்கியபோதும் இந்த அனுபவம் கைகொடுத்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி வரிசை, குழந்தைகளுக்கென்று சிறிய கழிப்பறைகள், பராமரிப்பவர் குடும்பத்தோடு தங்க ஓர் அறை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் வரிசையில் நின்றவளுக்குத்தான் இவை தேவை என்று தோன்றும். பொறியியல் கல்லூரியின் பாடத்தில் இது வருவதில்லை. இந்த இயக்கங்கள் அரசோடு அதிகம் சமரசம் செய்துகொண்டன என்ற விமர்சனமும் உண்டு. அந்த விவாதம் தேவை. ஆனால் திட்டம் தீட்டும் அறிவு நடைபாதைப் பெண்ணிடமும் இருக்கிறது என்பதை அவர்கள் நிரூபித்துவிட்டார்கள். ‘காலா’வின் சரீனா இந்தப் பெண்களில் ஒருத்தியாக இருந்திருக்கலாம்.

இன்று தாராவியில் நடப்பதைப் பார்த்தால் இந்தக் குறை எவ்வளவு பெரியது என்று விளங்கும். 2022 நவம்பரில், 5,069 கோடி ரூபாய் ஏலத்தொகையோடு அதானி குழுமம் மறுசீரமைப்புத் திட்டத்தில் முந்தியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பதாக நிரூபிப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்று 2024இல் அறிவிக்கப்பட்டது. மாடியில் இருப்பவர்களுக்குத் தாராவிக்கு வெளியேதான் இடம். கணவன் விட்டுப்போன பிறகு மாடி அறையில் வாடகைக்கு இருப்பவள், தன் பெயரில் ஒரு காகிதமும் இல்லாத விதவை: இவர்களை இந்த விதிகள் எங்கே வைக்கும்? சந்தில் கூடை கவிழ்த்து அப்பளம் காயவைப்பவளுக்கு வாசல்தான் தொழிற்கூடம். கணக்கெடுப்பில் அவள் கதவு ஒன்று, அதனால் அது வீடு. எட்டாவது மாடியில் வெயில் வரும் வாசல் அவளுக்கு எங்கிருந்து கிடைக்கும்?

நிலம் யாருடையது என்ற கேள்வியைத் தமிழ்த் திரையில் உரக்கக் கேட்டது ‘காலா’. சாதியின் பெயரால் நிலம் மறுக்கப்பட்டவர்களின் கேள்வி அது. அதன் வலிமையைக் குறைக்க முடியாது. ஆனால் உரிமை கிடைத்த மறுநாள் காலையில் குழாயை எங்கே வைப்பது, விளக்கை எந்த முனையில் போடுவது, பட்டாவில் யார் பெயரை எழுதுவது என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். நாயகன் பதில் சொல்லும்வரை காத்திருந்தால், ஆணின் நாளை மனதில் வைத்தே ஊர் கட்டப்படும்.

படத்தை இனி வகுப்பில் போட்டுப் பார்க்கும்போது ஒரு வேலை செய்யலாம். மக்கள் கூடிப் பேசும் காட்சிகளில் நிறுத்தி, யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள், யார் பேச்சு முடிவாகிறது என்று எண்ணிப் பாருங்கள். பிறகு உங்கள் தெருவின் குடியிருப்போர் சங்கத்துக்கும் உங்கள் ஊர்க் கிராம சபைக்கும் போய் அதே கணக்கை எடுங்கள்.