உப்புக்காற்று ஊரில் இண்டக்‌ஷன் அடுப்பு

கடலூர் முதுநகரிலோ தேவனாம்பட்டினத்திலோ குடியிருந்தால், இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கும்போது பட்டன் வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். டச் மாடல் பார்க்க லட்சணமாக இருக்கும், துடைப்பதும் சுலபம். ஆனாலும் வேண்டாம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டு டச் அடுப்பையும், சிதம்பரத்தில் எங்கள் வீட்டுப் பட்டன் அடுப்பையும் சமைத்தும் கழற்றியும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

டச் அடுப்பில் கண்ணாடிக்கு அடியில் ஒவ்வொரு குறிக்கும் நேராக ஒரு சின்ன ஸ்பிரிங் நிற்கிறது. விரல் மேலே வந்ததும் அங்கே மின்தேக்கத்தில் உண்டாகும் மாற்றத்தை உள்ளிருக்கும் சிப் கண்டுபிடிக்கிறது. சாதம் பொங்கி வழிந்தாலும், ஈரக்கையோடு தொட்டாலும் அந்தக் கணக்கு தப்பிவிடும். பீப் அடித்துவிட்டு அணையும். துடைத்துக் காயவிட்டதும் சரியானால் அது பழுதே இல்லை. அக்கா வீட்டில் காய்ந்த பிறகும் சரியாகவில்லை. "யாருமே தொடலடா, தானா கத்துது" என்றாள். கழற்றினால், ஸ்பிரிங்கின் கால் போர்டில் உட்காரும் இடத்தில் பச்சை பூத்திருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பகுதியில் துணியே காயாது. அந்த ஈரமான உப்புக்காற்றை அடுப்பின் சொந்த ஃபேனே அடிவழியாக இழுத்து, நேராக போர்டு மேல் வீசுகிறது.

பட்டன் அடுப்புக்கும் இந்தக் காற்று ஆகாதுதான். ஆனால் அதில் வரும் கோளாறு சில ரூபாயில் தீரும். பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில் இருப்பவை சின்னச் சின்ன சுவிட்சுகள். பல மாடல்களில் நாலைந்து சுவிட்சுகள் சேர்ந்து ஒரே கம்பியில் சேதி அனுப்பும். எந்தப் பட்டன் என்பதை மின்னழுத்த அளவை வைத்தே சிப் புரிந்துகொள்ளும். ஒரு சுவிட்சுக்குள் ஈரம் இறங்கி மின்சாரம் கசிந்தால், பிளஸ்ஸை அழுத்தினால் டைமர் ஓடும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். பார்த்த மெக்கானிக் "போர்டே போயிடுச்சுங்க, புதுசு வாங்கிடுங்க" என்றார். போர்டு போகவில்லை. அந்த ஒரு சுவிட்சை எடுத்துவிட்டு வேறு வைத்து சால்டர் செய்ததும் பழையபடி ஓடுகிறது. நல்ல அடுப்புகள் இப்படி ஒரு வார்த்தையில் பழைய இரும்புக் கடைக்குப் போவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

டிஸ்பிளேயில் வரும் 'ஈ' எண்ணைக் கண்டதும் கண்ட்ரோல் போர்டைக் குற்றம் சொல்கிறோம். அது பெரும்பாலும் வேறு இடத்துக் கோளாறைத்தான் சொல்கிறது. எண்ணின் அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், கூட வந்த புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். முதலில் பாத்திரம்: காந்தம் ஒட்டாத வெண்கலப் பானையையோ ஈயச்சொம்பையோ அடுப்பு ஏற்காது. அடுத்து பிளக். 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். சிதம்பரத்தின் பழைய வீடுகளில் 6 ஆம்பியர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி அடுப்பை ஓட்டுகிறார்கள். பிளக் சுடும், வோல்ட்டேஜ் இறங்கும், அடுப்பு நிற்கும். 16 ஆம்பியர் பவர் பிளக் போட்டதுமே பாதி வீடுகளில் 'போர்டு கோளாறு' காணாமல் போய்விடும்.

அதற்கும் அசையாவிட்டால் ஃபேன். அடியில் கைவைத்தால் காற்று வர வேண்டும். கரப்பான் செத்துக் கிடந்து இறக்கை சிக்கினால், மின்சாரத்தைக் காயிலுக்கு விட்டுவிட்டு அனுப்பும் ஐஜிபிடி சூடேறி, சில நிமிடங்களில் அடுப்பு தானே நிற்கும். பிறகு சென்சார். கண்ணாடியின் நடுவில் அடியில் ஒட்டியிருக்கும் மணி போன்ற சின்னப் பொருள்தான் அது. பல மாடல்களில் 25 டிகிரியில் அதன் மின்தடை 100 கிலோ ஓம். விரலால் பிடித்துச் சூடேற்றினால் மீட்டரில் எண் இறங்கிக்கொண்டே வர வேண்டும். அசையாமல் நின்றால் சென்சாரை மட்டும் மாற்றினால் போதும்.

இதெல்லாம் பழக்கமுள்ளவர் செய்ய வேண்டிய வேலை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் நிற்கும். பல அடுப்புகளில் பட்டன் போர்டுகூட மெயின் லைனோடு நேரடித் தொடர்பில் இருக்கும். பிளக் செருகியிருக்கும்போது அதைத் தொட்டால் ஷாக்தான். தெரிந்த மெக்கானிக் ஐஜிபிடி மாற்றியதும் நேரடியாக லைன் கொடுக்க மாட்டார். ஒரு குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான் பார்ப்பார். பல்பு பளிச்சென்று எரிந்தபடியே இருந்தால் உள்ளே இன்னும் ஷார்ட். அப்படிச் செய்கிறாரா என்று பாருங்கள், ஆளை நம்பலாமா என்பது தெரிந்துவிடும்.

புயலைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. கரண்ட் போவதால் அடுப்பு கெடாது. அது திரும்பி வரும்போதுதான் ஆபத்து: லைனில் நியூட்ரல் கம்பி அறுந்திருந்தால், வீட்டுக்குள் 230-க்குப் பதில் 400 வோல்ட் நெருங்கி வந்துவிடும். அப்போது அடுப்பைக் காப்பாற்ற முதலில் உயிரை விடுவது வேரிஸ்டர் என்கிற, பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் வில்லை. கூடவே ஃப்யூஸும் போகும். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையேறிய பிறகும், அக்காவிடம் நான் சொன்னது இதைத்தான்: கரண்ட் வந்ததும் அடுப்பைச் செருகாதே, முதலில் லைட் வழக்கம்போல எரிகிறதா என்று பார்.

சமையலில் டச், பட்டன் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது, குறையும் ஒன்றே. சிதம்பரம் கொத்சுக்குக் கத்திரிக்காய் புளியோடு சிறுதீயில் சுண்ட வேண்டும். இந்த அடுப்புகளில் 300 வாட் வைத்தால் அது மெல்லிய தீயாக இராது. சில விநாடி வேகமாகக் கொதிக்கவைத்துச் சில விநாடி நிற்கும். மெல்லிசான பாத்திரமானால் அடிபிடிக்கும். அடி கனமான பாத்திரத்தில் வைத்தால் கொத்சு குறையில்லாமல் வருகிறது.

கடையில் நட்சத்திரத்தையும் வாட்டையும் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். டிஸ்பிளே போர்டு தனியாக, மெயின் போர்டு தனியாக ஸ்பேர் கிடைக்குமா, கடலூரிலேயே கிடைக்குமா என்று கேளுங்கள். "மொத்தமாத்தான் மாத்தணும்" என்று பதில் வந்தால் அடுத்த மாடலை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.