45, 15, 16, 9: ஒரு ஊர்ப் பேரின் நீளம்

குமாரலிங்கபுரம். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து மானாவாரிக் காட்டில் இருக்கிற எங்க ஊர். இந்தப் பேருக்கு நீளம் எவ்வளவுன்னு கேட்டா நாலு பதில் கிடைக்கும்.

மைஎஸ்கியூஎல்லில் 'லெங்த்' ஃபங்ஷன் 45 என்கும். 'கேரக்டர் லெங்த்' 15 என்கும். இலக்கணம் தெரிஞ்ச தமிழாசிரியர் உயிரையும் மெய்யையும் பிரிச்சு எண்ணினா 16 வரும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டு எண்ணினா 9: கு, மா, ர, லி, ங், க, பு, ர, ம்.

45 என்பது பைட் கணக்கு. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொண்ணும் 3 பைட் பிடிக்கும். 15 மூணு 45. டிஸ்க்கில் எவ்வளவு இடம் போகுதுன்னு பார்க்க அது வேணும். 16 தொல்காப்பியக் கணக்கு: கு என்பது க் + உ, ங் தனி மெய். 9 படிக்கிறவன், எழுதுறவன் கணக்கு. இந்த மூணுக்கும் ஒரு நியாயம் இருக்கு.

நடுவில் இருக்கிற 15 யாருடைய கணக்கு? யாருடையதும் இல்லை. அது யூனிகோட் குறியீடுகளின் எண்ணிக்கை. யூனிகோடில் 'க' என்பதுதான் அடிப்படை. 'கு' எழுத க-வோட ஒரு உகரக் குறி சேரும், 'க்' எழுத க-வோட ஒரு புள்ளி சேரும். இலக்கணத்தில் நேர் தலைகீழ்: 'க்' தான் அடிப்படை, அதோட அ சேர்ந்தால் க. அதாவது, இலக்கணத்தில் ஒண்ணாக இருக்கிற ங் கம்ப்யூட்டருக்கு ரெண்டு; இலக்கணத்தில் ரெண்டாக இருக்கிற ர கம்ப்யூட்டருக்கு ஒண்ணு. பிள்ளையின் கணக்கும் இல்லை, புலவரின் கணக்கும் இல்லை.

டேட்டாபேஸில் இருக்கிற உள்ளமைந்த ஃபங்ஷன்கள், அதாவது லெஃப்ட், ரைட், சப்ஸ்ட்ரிங், ரிவர்ஸ் எல்லாமே, இந்த யாருக்கும் சொந்தமில்லாத 15-ஐ வெச்சுத்தான் வேலை செய்யுது. இந்தக் கட்டுரையில் என் விமர்சனம் அதுதான். ஃபங்ஷன் என்பது வெறும் கருவி, அதுக்கு மொழி கிடையாதுன்னு நினைக்கிறோம். அப்படி இல்லை. எழுத்துன்னா என்ன, பேருன்னா என்னங்கிறதைப் பத்தி ஒரு கருத்து அதுக்குள்ள இருக்கு. அந்தக் கருத்து ஆங்கிலத்தில் இருந்து வந்தது.

பி.ஈ. படிச்சவங்களுக்கு ஆரக்கிளின் 'எம்ப்' டேபிள் மறந்திருக்காது. ஸ்மித், ஆலன், வார்டு, ஜோன்ஸ்னு 14 ஊழியர்கள். லேப்பில் நாம எழுதின முதல் க்வெரி எல்லாம் அவங்க மேலதான். ஸ்மித்தைச் சின்ன எழுத்தாக்கு, முதல் எழுத்தை மட்டும் பெரிசாக்கு, முதல் மூணு எழுத்தை வெட்டு. எல்லாம் அழகா வேலை செய்யும். 1992-ல் வந்த எஸ்கியூஎல் தரநிலையில் அப்பர், லோயர், ட்ரிம், சப்ஸ்ட்ரிங், கேரக்டர் லெங்த் எல்லாம் இடம் பிடிச்சப்போ யூனிகோடின் முதல் பதிப்பு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதனால அவங்களைக் குறை சொல்ல முடியாது. முப்பது வருஷத்துக்கு மேல ஆகியும் நம்ம பாடத்தில் ஒரு கருப்பசாமியைக்கூடச் சேர்க்காத நம்மளைச் சொல்லலாம்.

கருப்பசாமியையே எடுத்துக்குவோம். எங்க பக்கம் ஒரு தெருவில் கூப்பிட்டா நாலு பேர் திரும்பிப் பார்ப்பாங்க. அவங்களைப் பிரிச்சுக் காட்டுறது இனிஷியல்தான். அப்பா மாரியப்பன்னா மா.கருப்பசாமி, முனியாண்டின்னா மு.கருப்பசாமி, மீனாட்சிசுந்தரம்னா மீ.கருப்பசாமி. தமிழ் இனிஷியல் முழு உயிர்மெய்யாத்தான் வரும். கி.ரா.வை யாரும் க.ரா.ன்னு சொல்றதில்லையே.

இப்போ அப்பா பேர் இருக்கிற காலத்தில் இருந்து 'லெஃப்ட், 1' போட்டு இனிஷியல் எடுங்க. மாரியப்பனுக்கு 'ம'. முனியாண்டிக்கு 'ம'. மீனாட்சிசுந்தரத்துக்கும் 'ம'. மூணு பேரும் ம.கருப்பசாமி. எரர் வராது, எச்சரிக்கை வராது. ஸ்மித்துக்கு 'எஸ்' எடுத்துக் கொடுத்த அதே நம்பிக்கையோட ஃபங்ஷன் பதில் கொடுக்கும். அந்தப் பட்டியல் அச்சாகி வந்தா, ஆதார்ல மு., இதுல ம.ன்னு பேர் ஒத்துப்போகாம அலையப்போறது கருப்பசாமிதான்; க்வெரி எழுதினவன் இல்லை. பிழைன்னு கத்துற புரோகிராமைத் திருத்திடலாம். அமைதியா ஒரு உகரக் குறியைத் தின்னுட்டுப் போறதைக் கண்டுபிடிக்கவே நாளாகும்.

ரிவர்ஸ் இன்னும் வேடிக்கை. 'குமார்' என்பதைத் திருப்பினா முதலில் ஒட்ட இடமில்லாத ஒரு புள்ளி, அப்புறம் 'ராமுக'. கு-வில் இருந்த உகரம் ம-வுக்குப் போயிடுச்சு. மா-வில் இருந்த கால் ர-வுக்குப் போயிடுச்சு.

அடுத்தது தேடல். நம்ம வட்டாரத்து ஊர்ப் பேர்களை முடிவு வாரியாப் பிரிக்கணும்: புரம் எத்தனை, பட்டி எத்தனை, ஊர் எத்தனை, ஏந்தல் எத்தனை. இந்த மாதிரி ஆய்வுக்கு 'லைக்' தான் முதல் கருவி. 'புரம்'னு முடியறதைக் கேட்டா குமாரலிங்கபுரம் வந்துடும். 'பட்டி'ன்னா காரியாபட்டி வந்துடும். 'ஊர்'னு முடியறதைக் கேட்டா சாத்தூர் வராது, ஆவியூர் வராது, ஸ்ரீவில்லிபுத்தூர் வராது. 'ஏந்தல்'னு கேட்டா கொட்டகச்சியேந்தல் வராது.

காரணம் புணர்ச்சி. சாத்தூரில் இருக்கிறது ஊகாரக் குறி. ஊ என்ற எழுத்தே அதில் இல்லை. சொல் மெய்யில் தொடங்கினா (ப்+உ, ப்+அ) ஒட்டுற இடம் கலையாம இருக்கு. உயிரில் தொடங்கினா கலைஞ்சுடுது. ஊகாரக் குறியை மட்டும் முன்னால வெச்சு 'ூர்'னு தேடினா எல்லாம் வந்துடும். பார்க்கக் கோணலா இருக்கும், ஆனா அதுதான் சரியான க்வெரி. இது தெரியாம ஒருத்தர் ஊர் என்ற முடிவே இந்த மாவட்டத்தில் அபூர்வம்னு எழுதிட வாய்ப்பு இருக்கு. எண்ணிக்கை சுழியம்னு வந்தா ஆதாரம் மாதிரியே தெரியும் இல்லையா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு சிக்கல். அந்த ஸ்ரீயை ஸ வெச்சும் எழுதலாம். 2005-ல் யூனிகோட் 4.1-ல் சேர்த்த ஶ வெச்சும் எழுதலாம். திரையில் ரெண்டும் பெரும்பாலும் ஒரே உருவம். டேட்டாபேஸுக்கு ரெண்டு ஊர். 'கொ'வும் அப்படித்தான்: ஒரே குறியாவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால்னு ரெண்டு குறியாவும் இருக்கலாம். இந்த ரெண்டாவதுக்கு மருந்து இருக்கு. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் 2020-ல் வந்த 13-ம் பதிப்பில் இருந்து 'நார்மலைஸ்' ஃபங்ஷன் ரெண்டையும் ஒண்ணாக்கும். ஆனா சௌந்தரத்தை ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு 'செளந்தரம்'னு அடிச்சு வெச்சா நார்மலைஸும் கை விரிச்சிடும். அது வேற எழுத்துதான், கண்ணுக்கு மட்டும் ஒண்ணு.

வரிசைப்படுத்தலிலும் இதே கதை. குறியீட்டு எண்படி வரிசை வெச்சா ந-வுக்கு அடுத்தே ன வரும், ர-வுக்கு அடுத்தே ற வரும். புள்ளிக்கு எண் பெரிசுங்கிறதால 'பகல்' முன்னால, 'பக்கம்' பின்னால. எந்தத் தமிழ் அகராதியிலும் இப்படி இருக்காது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் 10-ல் இருந்து ஐசியூ நூலகத்தின் தமிழ் வரிசையைப் பேர் சொல்லிக் கேட்டு வாங்கலாம். கேட்காம தானா வராது. மைஎஸ்கியூஎல் 8-ல் செத்த மொழியான லத்தீனுக்குத் தனி வரிசை உண்டு, செயற்கை மொழியான எஸ்பெராந்தோவுக்கு உண்டு. தமிழுக்கென்று இல்லை.

ஆங்கிலத்தில் அடிச்சு வெச்ச பேர்களுக்கு சவுண்டெக்ஸ் இருக்கேன்னு சிலர் சொல்வாங்க. ஒலி ஒத்த பேர்களைச் சேர்க்கிற இந்த முறைக்கு ராபர்ட் ரஸ்ஸல் 1918-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். அந்த நாட்டுப் பழைய மக்கள்தொகைக் கணக்குகளுக்கு அட்டவணை போட இது பயன்பட்டது. முதல் எழுத்தை அப்படியே வெச்சு, மீதிக்கு எண் கொடுக்கும். தமிழ்னு எழுத கடைசியில் எல் போட்டா டி-540. இசட்-எச் போட்டா டி-520. பழனியை எல் போட்டா பி-450, இசட்-எச் போட்டா பி-250. ழகரம் வந்தாலே ஒரே ஆள் ரெண்டு ஆள் ஆயிடுவார். கணேசனை ஜி-யில் தொடங்கினா ஜி-525, கே-யில் தொடங்கினா கே-525. கவும் க'வும் நமக்கு ஒரே எழுத்துங்கிறது ரஸ்ஸலுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. மைஎஸ்கியூஎல்லின் கையேடே இது ஆங்கிலத்துக்குத்தான்னு சொல்லிடுது. ஏ முதல் இசட் வரைக்கும் வெளியே இருக்கிற எழுத்தெல்லாம் உயிரெழுத்தாக் கருதப்படும்னும் சொல்லுது. தமிழில் கொடுத்தா எல்லா மெய்யும் உயிர்! குமாரும் கருப்பசாமியும் அதுக்கு ஒண்ணு.

ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு கொடுத்திருந்தா இந்தப் பிரச்சனையே இல்லையேன்னு கேட்கலாம். டேஸ்-16 அதைத்தான் செஞ்சது. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏத்துக்கிட்டப்போ, டேஸ்-16-ஐயும் மாற்றாக அங்கீகரிச்சது. அதில் லெஃப்ட் 1 போட்டா 'மு' முழுசா வரும். வாதம் நியாயமானது. ஆனா உலகத்தில் இருக்கிற போன், பிரவுசர், டேட்டாபேஸ் எல்லாம் யூனிகோடில் பேசும்போது அது தனித்தீவா நின்னுடுச்சு. புணர்ச்சியில் மறைஞ்ச ஊரை அதனாலும் மீட்க முடியாது. எழுத்தை எப்படிச் சேமிக்கிறோம்ங்கிறது ஒரு கேள்வி, எப்படி எண்ணுறோம்ங்கிறது இன்னொரு கேள்வி. இரண்டாவதுக்குப் பதில் சொல்ல வேண்டியது ஃபங்ஷன்தான்.

பதில் அவ்வளவு கஷ்டமும் இல்லை. மைஎஸ்கியூஎல் 8-ல் ரெஜெக்ஸ் வேலையை ஐசியூ பார்க்குது. அதில் பின்சாய்வுக் கோடும் பெரிய எக்ஸும் சேர்ந்தா 'படிக்கிறவன் கண்ணுக்கு ஒரு எழுத்து'ன்னு அர்த்தம். லெஃப்ட்டுக்குப் பதிலா ரெஜெக்ஸ் சப்ஸ்ட்ரிங்கில் அதைக் கொடுத்தா முனியாண்டிக்கு 'மு' வரும். மத்த டேட்டாபேஸில், ஒரு எழுத்தும் அதைத் தொடர்ந்து வர்ற துணைக்குறிகளும்னு பேட்டர்ன் எழுதணும். நீளம் வேணும்னா துணைக்குறி, புள்ளி எல்லாத்தையும் ரெஜெக்ஸ் ரீப்ளேஸால் நீக்கிட்டு எண்ணுங்க. குமாரலிங்கபுரத்துக்கு 9 வரும்.

கடைசியா ஒண்ணு. ஊர்ப் பேருக்கும் இனிஷியல் உண்டு. எங்க மாவட்டத்திலேயே ஜவுளிப் பூங்கா வர்ற இ.குமாரலிங்கபுரம் இருக்கு. புள்ளிக்கு முன்னால இருக்கிறதை வெட்டி 'சுத்தம்' பண்ற ஒரு வரி க்வெரி ரெண்டு ஊரையும் ஒண்ணாக்கிடும். அதனால, உருமாத்தின பேரைத் தனிக் காலத்தில் வெச்சுத் தேட மட்டும் பயன்படுத்துங்க. அச்சுக்கும் சான்றிதழுக்கும் போறது, அந்த ஆள் எழுதிக் கொடுத்த அதே பேராத்தான் இருக்கணும்.