பதிவேடும் பிள்ளையும்: சட்ட ஆணையப் பரிந்துரை ஒன்றை ஜவ்வாது மலையிலிருந்து வாசித்தல்

மணமுறிவுக்குப்பின் பிள்ளைகளின் பராமரிப்பு குறித்து, நீதிபதி ஏ. பி. ஷா தலைமையிலான இந்தியச் சட்ட ஆணையம் 2015ஆம் ஆண்டு மே மாதம் தனது 257ஆவது அறிக்கையை அளித்தது. பெற்றோர் இருவருக்கும் கூட்டுப் பொறுப்பு வழங்க வழிசெய்யவேண்டும் என்ற பரிந்துரையே அன்று பெரிதும் பேசப்பட்டது. பிள்ளையின் பதிவேடுகளைப் பற்றிய பகுதி அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. பிள்ளை தம்மிடம் வளரவில்லை என்ற காரணத்திற்காக மட்டும் ஒரு பெற்றோருக்குப் பள்ளி, மருத்துவப் பதிவேடுகளை மறுத்தலாகாது. நீதிமன்ற ஆணை தடுத்திருந்தால் மறுக்கலாம் என்பது அதன் சாரம். இப்பரிந்துரை சட்டமாகவில்லை. ஆயினும் பள்ளிகளையும் விடுதிகளையும் மருத்துவமனைகளையும் நடத்திவரும் திருச்சபைகள் இதனை ஊன்றிப் படித்தல் தகும்.

பரிந்துரையின் அடிப்படை நோக்கத்தில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. தன் மகளுக்கு அறுவை சிகிச்சை நடந்ததை மூன்றாம் மனிதர் வாயிலாக அறியும் தந்தையின் வேதனை பொய்யானதன்று. மணவாழ்வு முறிந்ததால் பெற்றோர் என்னும் உறவு முறிந்துவிடுவதில்லை. பிள்ளையைப் பற்றிய செய்தியை மறைத்துப் பழிதீர்த்துக்கொள்வோர் ஆண்களிலும் உண்டு, பெண்களிலும் உண்டு.

ஆனால் இப்பகுதியை ஜவ்வாது மலையின் ஓர் உண்டு உறைவிடப் பள்ளித் தலைமையாசிரியரின் நாற்காலியில் அமர்ந்து வாசித்துப் பாருங்கள். ஜமுனாமரத்தூரைச் சுற்றிய சிற்றூர்களில் வாழும் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றி, பழங்குடியினரைக் கட்டுப்படுத்தாது என அதன் 2(2) பிரிவு கூறுகிறது. திருமணமும் வழக்கப்படி, தீர்த்துவிடுதலும் வழக்கப்படி. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசுகிறார்கள், முடிவு சொல்லப்படுகிறது, கூட்டம் கலைகிறது. பின்னர் ஒருவர் கேரளத்திற்கோ கருநாடகத்திற்கோ கூலி வேலைக்குப் போகிறார். பிள்ளை பாட்டியிடமோ விடுதியிலோ வளர்கிறது. இங்கே பராமரிப்புப் பொறுப்புள்ள பெற்றோர் யார், அப்பொறுப்பு இல்லாதவர் யார்? காட்டுவதற்கு ஒரு தாள் இல்லை. ஆணையம் நீதிமன்றத் தீர்ப்பு கையிலிருக்கும் குடும்பத்தையே மனத்திற்கொண்டு எழுதியிருக்கிறது.

இதனால் விளையும் தீங்கு சிறியதன்று. அடிக்கு அஞ்சி ஊரைவிட்டு வெளியேறிய ஒரு தாய், பிள்ளையை வேறொரு பள்ளியில் சேர்த்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தந்தை முன்பிருந்த பள்ளிக்கு வந்து மாற்றுச் சான்றிதழ் விவரத்தைக் கேட்கிறார். பரிந்துரையின்படி, தடையாணை இல்லாதவரை மறுக்க இயலாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பிள்ளையின் பள்ளிக்குள் ஒருவர் நுழைவதையே தடைசெய்ய இடமளிக்கிறது. மெய்தான், ஆனால் அவ்வாணையைப் பெற மலையிறங்கி நடுவர் மன்றத்திற்குச் செல்லவேண்டும். ஒருநாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழக்க முடியாதவளுக்கு அந்த விதிவிலக்கு எட்டாத கனி. மதிப்பெண்ணையும் நோயையும் அறியத் தருவது வேறு, பிள்ளை உறங்கும் இடத்தை அறியத் தருவது வேறு. இரண்டையும் பதிவேடு என்ற ஒரே சொல்லில் அடக்கியதே இப்பகுதியின் பெருங்குறை என்பது என் கருத்து.

மற்றொரு பக்கமும் உண்டு. மலையில் செய்திக்காக அலைபவள் பெரும்பாலும் தாயே. பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் வழங்குகிறார். அதற்குத் தந்தையின் சான்று கேட்கப்படுவதே வழக்கம். பிரிந்துபோன தந்தை அதைத் தர மறுத்தால், பிள்ளையின் கல்வி உதவித்தொகையும் மேற்படிப்பும் நின்றுபோகக்கூடும். பிள்ளையைப் பற்றிய செய்தி பெற்றோருக்குச் செல்லவேண்டும் என்று பேசும் ஆணையம், பெற்றோரிடமுள்ள செய்தி பிள்ளைக்கு வந்துசேரவேண்டும் என்பதை இப்பகுதியில் எண்ணிப்பார்க்கவில்லை.

அறிக்கை வெளிவந்த இரண்டாம் மாதத்தில், 2015 ஜூலை 6 அன்று, உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. அது மணமுறிவு வழக்கன்று. மணமாகாத ஒரு கிறிஸ்தவத் தாய், தந்தைக்கு அறிவிப்பு அனுப்பாமலும் அவர் பெயரை வெளியிடாமலும் தம்மை மகனின் காப்பாளராக நியமிக்குமாறு கேட்டார். கீழ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் மறுத்தன. நீதிபதி விக்ரம்ஜித் சென் எழுதிய தீர்ப்பு, அறிவிப்பு தேவையில்லை என்றது. ஆனால் அத்துடன் முடிக்கவில்லை. தன் தந்தை யாரென்று அறிவது பிள்ளையின் தேவை என்பதைத் தாய்க்கு எடுத்துரைத்து, அவர் எழுதித்தந்த விவரங்களை முத்திரையிட்ட உறையில் வைத்து, நீதிமன்றம் தனியே பணித்தாலன்றிப் பிரிக்கலாகாது என்று கட்டளையிட்டது. தாயின் மறைவுரிமையும் காக்கப்பட்டது. பிள்ளைக்குரிய செய்தியும் அழியவில்லை. ஆணையத்தின் பரிந்துரையில் நான் தேடிக் காணாதது இந்த உறையைத்தான்.

ஆயர்களாகிய நமக்கும் இது புறத்தே நிற்கும் செய்தியன்று. பிரிந்த குடும்பமொன்று வேறூருக்குப் போகையில் சபை மாற்றுக் கடிதம் எழுதித் தருகிறோம். அதன் அடிக்கட்டையில் புதிய சபையின் பெயர் நிற்கிறது. தந்தையோ தாயோ வந்து, பிள்ளை எங்கே என்று கேட்கும்போது அந்த அடிக்கட்டையைப் புரட்டிக் காட்டுவது எளிது. வந்தவரிடம் ஒரு கடிதம் எழுதித் தரச்சொல்லி, அதை அந்தச் சபையின் ஆயருக்கு நாமே அஞ்சலில் அனுப்புவது சற்றுக் கூடுதல் வேலை.