கழிவில் பிறந்த சட்டையை எடைபோடுவது எப்படி?

மேற்கு டெல்லியின் ஜனக்புரியில் பழந்துணி அவ்வளவு எளிதில் குப்பைக்குப் போவதில்லை. பாத்திர மூட்டையோடு தெருவுக்கு வரும் வாக்ரி சமூகப் பெண்கள் எவர்சில்வர் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் பழைய பேண்ட்டையும் சேலையையும் வாங்கிப் போகிறார்கள். அவை பக்கத்து ரகுபீர் நகர் சந்தையில் விடியுமுன் கைமாறுகின்றன. புதுத்துணியின் வெட்டுத்துண்டுகளுக்கு மங்கோல்புரியில் ‘கத்ரன்’ சந்தை இருக்கிறது. அங்கே கிலோக் கணக்கில் வியாபாரம். பழங்கம்பளியைப் பானிபட் ஆலைகள் கிழித்து, நூலாக்கி, போர்வை நெய்துவிடும். திருப்பூர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அங்கே கட்டிங் வேஸ்ட் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்லுக்குப் போகிறது, மிச்சம் லாரிப் பட்டறையில் கை துடைக்கிறது.

துணிக்கழிவிலிருந்து ஆடை செய்யும் ஒரு லேபிளை டெல்லியில் எடைபோடுவதென்றால் இதையெல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டும். எடுத்துக்கொள்வது டூட்லேஜ். க்ரிதி தூலா 2012-இல் டெல்லியில் தொடங்கிய சிறு நிறுவனம் இது. ஆலைகள் குறையென்று ஒதுக்கிய துணி, ஆர்டர் முடிந்து தங்கிய ரோல், வெட்டியபின் விழுந்த துண்டு ஆகியவைதான் அதன் மூலப்பொருள். கிடைப்பதைப் பொறுத்தே வடிவம் என்பதால் ஒரே மாதிரியில் ஆயிரக்கணக்கில் தைக்க முடியாது.

தையல்காரர் கண்ணால் பார்த்தால் இந்த வேலையின் கஷ்டம் புரியும். வெவ்வேறு ரோலிலிருந்து வந்த துண்டுகள் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. முதலிலேயே நனைத்துச் சுருக்கிக்கொள்ளாவிட்டால் முதல் சலவையிலேயே தையல் ஓரம் நெளிந்துவிடும். பாவு இழை ஒரு துண்டில் நெடுக்காகவும் அடுத்ததில் குறுக்காகவும் போனால் சட்டை ஒரு பக்கம் தொங்கும். சாதாரணச் சட்டைக்குத் துணியை அடுக்கி, கட்டிங் மாஸ்டர் ஒரே வெட்டில் நூறு முன்பக்கங்களை எடுத்துவிடுவார். ஒட்டுத்துணியில் அந்த வசதி கிடையாது. நிறம் பார்த்து, கனம் பார்த்து, துண்டு துண்டாகப் பொருத்த வேண்டும். அந்தக் கைவேலைக்கு முழு மதிப்பெண் தரத் தயங்கவேண்டியதில்லை.

குப்பைமேட்டிலிருந்து காப்பாற்றினோம் என்ற பேச்சு வரும்போதுதான் தயக்கம். இந்த லேபிள் எடுக்காவிட்டால் அந்தத் துணி எங்கே போயிருக்கும்? நல்ல ரோல் என்றால் வேறொரு சின்ன யூனிட் வாங்கியிருக்கும். துண்டு என்றால் மங்கோல்புரிக்குப் போயிருக்கும். எனவே காப்பாற்றிய கணக்கில் ஒரு பகுதியைக் கழித்தே ஆகவேண்டும். கிழித்து மட்டமான நூலாக்குவதைவிடத் துணியைத் துணியாகவே வைத்திருப்பது மேல் என்பது உண்மை. ஆனாலும் ஏற்றுமதி ஆலைகள் அளவுக்கு மீறித் தயாரித்துக்கொண்டே இருந்தால்தான் இந்தத் தொழிலுக்குச் சரக்கு. இந்த முரண்பாட்டை நீக்கும் வழி லேபிளின் கையில் இல்லை என்பதையும் நேர்மையாகச் சேர்த்துக்கொள்வோம்.

லேபிளுக்குச் சாதகமான வலுவான வாதம் சாயம். ஜனக்புரியை ஒட்டிய பிந்தாப்பூர், மட்டியாலா, கொஞ்சம் தள்ளிக் கியாலா, ரன்ஹோலா ஆகிய இடங்களில் வீடுகளுக்கு நடுவே அனுமதியில்லாமல் ஓடிய ஜீன்ஸ் சாயப்பட்டறைகள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்காகப் போயின. சாயக்கழிவு கலந்த நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் பார்த்த நமக்கு விளக்கம் தேவையில்லை. ஏற்கெனவே சாயமேறிய துணியைத் தைக்கும்போது புதிதாகச் சாயத்தொட்டி நிரம்புவதில்லை. ஆனால் வாங்குகிறவர் வேறொரு புதுச் சட்டையைத் தவிர்த்தால்தான் இந்த லாபம் நிற்கும். பீரோவில் இருபத்தொன்றாவதாக இது சேர்ந்தால் நிற்காது.

அடுத்தது கூலி. டெல்லியில் 2025 ஏப்ரல் நிலவரப்படி திறன்பெற்ற தொழிலாளிக்குக் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 22,411 ரூபாய். 26 நாளால் வகுத்தால் நாளுக்கு ஏறத்தாழ 862. ஒட்டுத்துணிச் சட்டை ஒன்றுக்கு ஒரு முழு நாள் பிடிக்கிறதென்று வைத்துக்கொண்டால், தையலுக்கு மட்டுமே அவ்வளவு ஆகும். கடை வாடகை, கழிவைத் தரம்பிரிக்கும் கூலி, லாபம் எல்லாம் ஏறினால் விலை 2,500-ஐத் தாண்டுவது சுலபம். 2025 செப்டம்பர் 22 முதல் அமலான விகிதப்படி, தாண்டியதும் ஜி.எஸ்.டி. ஐந்திலிருந்து பதினெட்டு சதவீதமாகிவிடுகிறது. மெதுவாகச் செய்வதற்கு அபராதம் போட்டதுபோல இருக்கிறது இந்த வரி. ஆக, விலை அதிகம் என்று மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. அந்த விலையில் தைத்தவருக்குப் போனது எவ்வளவு என்று கேட்பதுதான் நியாயம்.

இந்தக் கேள்விக்குப் பதில் தருவதில் பொள்ளாச்சியின் எத்திகஸ் என்ற லேபிள் ஒரு படி முன்னே நிற்கிறது. அப்பாச்சி காட்டன் குடும்பத்தின் மணி சின்னசாமியும் விஜயலட்சுமி நாச்சியாரும் 2009-இல் தொடங்கியது. சேலையின் சீட்டில் நெசவாளியின் படம், பெயர், நெய்ய எத்தனை நாள் பிடித்தது என்பதெல்லாம் இருக்கும். படம் மனதைத் தொடலாம். எனக்கு முக்கியம் அந்த நாள் கணக்குதான். விலையை அதனால் வகுத்துப் பார்த்தால், நெசவாளிக்கு நாளுக்கு அதிகபட்சம் என்ன கிடைத்திருக்க முடியும் என்பது வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடும். சான்றிதழ் முத்திரை இந்த வேலையைச் செய்யாது. 2020-இல் இந்தியாவில் 20,000 டன் பருத்தி போலிச் சான்றோடு ஆர்கானிக் என்று நடமாடியதை, அந்தச் சான்றுக்கான தரவிதிகளை வகுக்கும் ‘காட்ஸ்’ (GOTS) அமைப்பே கண்டுபிடித்துச் சொன்னது.

என் தீர்ப்பு இது: தொழில்திறனில் டூட்லேஜ் தேறுகிறது. சாயநீரைத் தவிர்ப்பதிலும் தேறுகிறது. கழிவைக் காப்பாற்றியதில் பாதி மதிப்பெண்தான். மறுபாதி ரகுபீர் நகருக்கும் மங்கோல்புரிக்கும் சேர வேண்டியது. அறம் என்ற சொல்லுக்குரிய மதிப்பெண்ணை இப்போதைக்கு நிறுத்திவைக்கிறேன், இந்த லேபிளுக்கு மட்டுமல்ல, அந்தச் சொல்லைச் சீட்டில் அச்சிடும் எல்லோருக்கும். எம்.ஆர்.பி.யை அச்சிடச் சொல்லும் சட்டம் தையல்கூலியைக் கேட்பதில்லை. அடுத்த முறை ஜனக்புரி டில்லி ஹாட்டிலோ வேறெங்கோ இப்படிப்பட்ட சட்டையைக் கையில் எடுத்தால், இதைத் தைக்க எத்தனை மணி நேரம் ஆனது, தைத்தவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று நீங்கள் கேளுங்கள்.