சிங்க்குக்குக் கீழே ஒரு வாளி

ஜியோ பேபியின் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ (2021) வந்தபோது நாம் தோசைக்கல்லைப் பேசினோம், எச்சில் மேசையைப் பேசினோம், மாதவிலக்குத் தீட்டைப் பேசினோம். எனக்குள் நின்றுபோனது சிங்க்குக்கு அடியில் ஒழுகும் குழாய். பிளம்பரைக் கூப்பிடச் சொல்கிறாள், மறந்துவிட்டேன் என்கிறான். மறுபடி சொல்கிறாள். ஒழுகலுக்குக் கீழே ஒரு வாளி. கடைசியில் அந்த அழுக்குத் தண்ணீரைத்தான் அவன் மேல் வீசுகிறாள். கணவன், மனைவி இருவருக்கும் பெயர் வைக்காத படம் அது. வைத்திருந்தால்கூட அந்த வாளியைத்தான் ஞாபகம் வைத்திருப்பேன்.

சாக்கடைக் குழாய் இருப்பது ஆணின் அதிகாரத்தில். அதன் நாற்றம் பெண்ணின் மூக்கில். அடுப்படியில் நிற்பவளுக்குத்தான் முதலில் தெரியும். கக்கூஸில் தண்ணீர் ஊற்றினால் சிங்க்கில் ‘களக் களக்’ என்று சத்தம் வரும். மாடிக்கு மேலே நீட்டிவிட்ட காற்றுக் குழாய் அடைத்துக்கொண்டால் அப்படித்தான் ஆகும். காற்று போக வழியில்லாமல், இறங்கும் தண்ணீர் சிங்க் வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போகும். அந்தக் கொஞ்சத் தண்ணீர்தான் நாற்றத்துக்குக் கதவு. இதை வீட்டு ஆண்களிடம் சொன்னால், “பினாயில் ஊத்து” என்பார்கள்.

ஆனால் படத்தோடு எனக்கொரு சண்டை உண்டு. பிளம்பர் வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? வருகிறவர் யார், எதில் கை வைக்கிறார்? அந்தச் சமையலறையின் நியாயம் வாசற்படியோடு நின்றுவிடுகிறது.

வாசற்படிக்கு வெளியே தொடங்குகிறது தீபக் இயக்கிய ‘விட்னஸ்’ (2022). ரோகிணி நடித்த இந்திராணி தூய்மைப் பணியாளர். அவர் மகன் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுத் தொட்டியில் இறக்கிவிடப்பட்டுச் செத்துப்போகிறான். அந்தக் குடியிருப்பிலும் எத்தனையோ சமையலறைகள், எத்தனையோ பெண்கள். அவர்களில் ஒருத்தியின் சாட்சியம்தான் கதையை நகர்த்துகிறது. அழவைப்பதில் படம் கொஞ்சம் அவசரப்படுகிறது. ஆனாலும் ரோகிணி முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்கும் இடங்களில் அந்தக் குறை மறந்துபோகிறது.

2013இன் சட்டம், பாதுகாப்பில்லாமல் கழிவுத் தொட்டியில் ஆளை இறக்கக் கூடாது என்று எந்த ‘நபரையும்’ சேர்த்தே தடுக்கிறது. உள்ளாட்சி மட்டுமல்ல, வீட்டுக்காரரும் அந்த ‘நபர்’தான். முதல் குற்றத்துக்கே இரண்டு வருடம் வரை சிறை. இறந்தவர் குடும்பத்துக்கு 2014இல் 10 லட்சம் என்ற உச்ச நீதிமன்றம் 2023இல் அதை 30 லட்சமாக்கியது. தொட்டிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குவதுதான் ஆபத்து.

நெம்மேலியில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். இங்கே கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். 2013இல் தொடங்கியபோது நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024இல் இன்னொரு ஆலை, 15 கோடி லிட்டர். தண்ணீர் வருகிற குழாய்க்குத் திறப்பு விழா உண்டு. தண்ணீர் போகிற குழாய்க்கு எங்கள் பக்கம் இன்னும் மூங்கில் பிளாச்சும் லாரியும்தான்.

‘விட்னஸ்’ பார்த்த வாரம் எங்கள் வீட்டுத் தொட்டி நிரம்பியது. அம்மா வழக்கம்போல, “யாரையாச்சும் வரச் சொல்லு” என்றாள்.

“யாரைம்மா?” என்று கேட்டேன்.

கையிலிருந்த கரண்டியோடு கொஞ்ச நேரம் நின்றாள். “லாரியை வரச் சொல்லு. உள்ளே யாரும் இறங்கக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லிடு” என்றாள்.