ஸுன்டெர்ட்டின் டேலியாத் தேர்கள்

நெதர்லாந்தின் தெற்கே, பெல்ஜிய எல்லையை ஒட்டி ஸுன்டெர்ட் என்றொரு விவசாய ஊர். ஸ்ட்ராபெரியும் மரக்கன்றுகளும் விளையும் மண். 1853இல் ஓவியர் வின்சென்ட் வான்கோ பிறந்தது இங்கேதான். ஊராரின் வருஷமோ செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றியே ஓடுகிறது. அன்று ஊரின் 20 பட்டிகளும் ஆளுக்கொரு பூத்தேரை வீதிக்குக் கொண்டுவருகின்றன. அரசி வில்ஹெல்மினாவின் பிறந்தநாளை ஒட்டி 1936இல் தொடங்கிய வழக்கம் இது.

பூத்தேர் என்றதும் மாலை சாத்திய வண்டியை நினைத்துவிடக் கூடாது. இவை 20 மீட்டர் நீளம், 9 மீட்டர் உயரம் வரை எழும் சிற்பங்கள். இரும்புக் கம்பி எலும்பு, அட்டையும் காகிதமும் தசை, தோல் மட்டும் டேலியா. கோடை முழுக்கக் கூடாரத்துக்குள் உருவம் வளரும். பூக்கள் கடைசி மூன்று நாளில்தான் ஏறும். முன்பே வைத்தால் வாடிவிடும். பெரியவர்கள் பூக்களைத் தரம் பிரித்துக் கொடுக்க, இளையவர்கள் சாரமேறி ராத்திரியெல்லாம் ஒவ்வொன்றாகப் பதிக்கிறார்கள். ஒரு தேருக்கே சில லட்சம் பூக்கள்!

கூர்ந்து பார்க்க வேண்டியது வண்ணத்தை. டேலியாவில் நீலமே கிடையாது. 2015இல் தேர்கள் அத்தனையும் வான்கோவைப் பற்றியவை. நீலத்தில் தோய்ந்த அந்த ஓவியரை நீலமில்லாத பூவில் காட்டத் துணிந்தது அவர் பிறந்த ஊர். பக்கத்தில் வைக்கும் பூவைப் பொறுத்து ஊதா குளிரும், அல்லது கனலும். இந்தத் தட்டுப்பாடுதான் இவர்களின் கண்ணைக் கூர்தீட்டியிருக்கிறது என்பேன். பூவை மறந்து உருவத்தை மட்டும் பார்க்க வைக்கும் தேரே எனக்கு உயர்ந்தது. பூக்களைக் கொட்டிக் காட்டும் தேர் இரண்டாம்பட்சம்.

அடுத்தது அசைவு. தேரின் வயிற்றுக்குள் மறைந்து நின்று தள்ளுபவர்கள் அந்தந்தப் பட்டியின் ஆட்கள். கைகளின் வலுவில் ஒரு மிருகம் கழுத்தைத் திருப்பும்போது அதில் ஒரு தயக்கமும் மூச்சும் தெரிகின்றன. எந்த இயந்திரமும் அதைத் தராது. உள்ளே இருப்பவர்களுக்கோ தாங்கள் செய்த தேரின் ஊர்வலம் கண்ணில் படுவதேயில்லை.

நெதர்லாந்தின் பூ ஊர்வலக் கலை 2021இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. போக வாய்த்தால் ஞாயிறோடு திரும்பிவிடாதீர்கள். திங்கட்கிழமையும் தேர்களைக் காட்சிக்கு நிறுத்திவைக்கிறார்கள். கிட்டே போய், இரண்டு நிறங்கள் சந்திக்கும் ஓரங்களைப் பாருங்கள்.